ஆவணி மழையில் கட்டிய பொதி

கொட்டகலை,
ஆவணி மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மருமகனும் சின்னவனும் சம்பந்தி அம்மாவும் நலமாக இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, கிளிநொச்சியில் உங்கள் அரை ஏக்கர் காணியில் கிணறு வெட்டி முடிந்துவிட்டதென்றும், மாரி மழை தொடங்குவதற்கு முன் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட வேண்டுமென்றும், அதற்கு நம் வீட்டுப் பின்புறத்தில் இருக்கிற ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அனுப்பி வைக்க வேண்டுமென்றும் சொன்னாய். நீ அடுக்கிய பெயர்களை அம்மா நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: மரத்தக்காளி, சௌசௌ, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, போஞ்சி, இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் நிற்கும் நீலப் பந்துப்பூ. நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது. மழை நாட்களில் இங்கே எப்போதும் அப்படித்தான். ஒரு வகையில் அதுவும் நல்லதாயிற்று. கேட்டதில் பாதியை அனுப்ப மாட்டேன் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் உன் முகம் வாடியதை நான் பார்க்க முடியாது. காரணத்தோடு எழுதினால் நீ ஆறுதலாக வாசித்து விளங்கிக்கொள்வாய்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதும்போது வெளியே பெய்வது வைகாசியில் தொடங்கிய தென்மேற்கு மழையின் கடைசிப் பகுதி. மூன்று நாட்களாக எதிர் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிய மிலாறு விறகுகூட நமுத்துப் போய்ப் புகைகிறது. இதே நாட்களில் உங்கள் பக்கம் சோளகம் வீசுகிறதென்றும், துணி உலர்த்தினால் புழுதி படிகிறதென்றும் நீ சொன்னாய். இரண்டும் ஒரே காற்றுத்தான், மகளே. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று நம் மலைகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, சுமையை இங்கே இறக்கிவிடுகிறது. உங்கள் சமவெளியில் அதைத் தடுத்து மேலேற்ற ஒரு குன்றும் இல்லாததால், மழை தராமலே ஓடிவிடுகிறது. உங்களுக்குரிய மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வருவது. ஆண்டு மழையின் பெரும்பங்கு அந்தச் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே என் நாட்காட்டியை வைத்துக்கொண்டு நீ விதைத்தால் பிழையாகிப் போகும். ஆனியில் நான் கோவா நாற்று நடுகிறேன் என்றால், உன் மண் அப்போது வெடித்துக் கிடக்கும்.

நீலப் பந்துப்பூவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீ அதைத்தான் முதலில் கேட்டாய் என்று அம்மா சொல்கிறாள். பாடப்புத்தகத்தில் அதற்கு ஹைட்ரேஞ்சியா என்று பெயர். நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் மண்ணின் புளிப்பைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். தேயிலைக்குப் பிடித்தது புளித்த மண். அதன் pH என்கிற காரகாடித்தன்மை நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருந்தால் தேயிலை செழிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது, அதனால்தான் நம் வீட்டுப் பூ நீலமாகப் பூக்கிறது. உங்கள் பக்கத்திலோ பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறதென்று நீயே சொன்னாய். அந்த நீரில் இந்தச் செடி உயிரோடு இருந்தாலும் நீலம் போய் இளஞ்சிவப்பாகத்தான் பூக்கும். பெரும்பாலும் உயிரோடு இருக்காது. அதன் அகன்ற இலை உங்கள் வெயிலில் பத்து மணிக்கே துவண்டுவிடும். நீ விரும்பிய ஒன்று உன் கண் முன்னே வாடிச் சாவதை நான் பொதியில் கட்டி அனுப்ப முடியாது. இந்த ஆண்டு பூத்ததில் ஒரு கொத்தை அம்மா தலைகீழாகக் கட்டி உலர்த்தி வைத்திருக்கிறாள். அதை அனுப்புகிறேன். நிறம் சற்று மங்கியிருக்கிறது, ஆனாலும் நீலந்தான்.

உருளைக்கிழங்கை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்ப மாட்டேன். நுவரெலியாப் பக்கத்து மண்ணில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுவும், செடியை ஒரே வாரத்தில் சாய்த்துவிடும் வாடல் நோயும் இருக்கின்றன. கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணோடு அவை ஊர்விட்டு ஊர் போய்விடும். அந்த வாடல் நோய் கிழங்கோடு நிற்பதும் இல்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் பிடிக்கும். புதிதாகக் கிணறு வெட்டிய சுத்தமான காணிக்குள் என் கையால் அதைக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று இருக்கக் கூடாது. இதனால்தான் வேரோடு பிடுங்கி மண்ணோடு கட்டும் எந்தக் கன்றையும் இந்தப் பொதியில் வைக்கவில்லை. கிழங்கு நட ஆசையிருந்தால், குளிர்ந்த மாதங்களுக்கென்று அங்கே விற்கும் நல்ல விதைக்கிழங்கை வாங்கிக்கொள். யாழ்ப்பாணத்து விவசாயிகள் கார்த்திகை, மார்கழியில் அருமையாகப் போடுகிறார்கள்.

கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றைப் பற்றி உனக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அவை நம்முடையவை என்று நாம் பெருமை பேசினாலும், அவற்றின் விதை நம் தோட்டத்தில் விளைந்தது ஒருநாளும் இல்லை. கரட் பூத்துக் காய்க்க இரண்டாம் ஆண்டும் கடுங்குளிரும் வேண்டும், அவ்வளவு குளிர் நமக்கே போதாது. நான் வாங்குவதும் வெளிநாட்டிலிருந்து வந்து தகரத்திலோ பைக்கற்றிலோ கடையில் விற்கும் விதைதான். அது கிளிநொச்சிக் கடையிலும் கிடைக்கும். பீட்ரூட்டும் கோவாவும் மழை ஓய்ந்த பிறகு தை, மாசிக் குளிரில் உங்களுக்கு வரும். லீக்ஸை விட்டுவிடு.

சௌசௌ இரண்டைச் சமைப்பதற்காக வைக்கிறேன், நடுவதற்காக வேண்டாம். அது நம் பனியை நம்பி வாழும் கொடி. இங்கே மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் பக்கத்தில் யாரும் நடாமலே படர்ந்து, யாரும் கேட்காமலே காய்த்து, எட்டு வீட்டு வரிசையான நம் லயத்தில் எவர் வீட்டில் கறி இல்லையோ அவர் பறித்துக்கொள்ளும் காயாக இருக்கிறது. 2022 ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? நீ அப்போது பயிற்சிக் கல்லூரியில் இருந்தாய், நாங்கள் முழுவதையும் உனக்குச் சொல்லவில்லை. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். அந்த இடைவெளியிலேயே கீழ்ப்பக்கத்து மரக்கறிக் காணிகளில் பலர் கடனாளியானார்கள். பிறகு கோதுமை மாவின் விலை ஏறியபோது, காலையில் ரொட்டி தட்டிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவது என்கிற நம் ஊர் வழக்கமே நின்றுபோகும் நிலை வந்தது. ரொட்டி இல்லாமல் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் எப்படி மதியம் வரை மேடேறுவாள்? அந்த மாதங்களில் பீலிக்கரைச் சௌசௌவும், எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் இருந்த கிழங்கும் கீரையுந்தான் எட்டு வீட்டையும் தாங்கின. அம்மா சௌசௌவைத் துருவி மாவோடு பிசைந்து, பாதி மாவில் அதே எண்ணிக்கை ரொட்டி சுட்டாள். நன்றாகவே இருந்தது. இப்போதும் சில நாட்களில் நான் கேட்டுச் சுடச் சொல்கிறேன்.

கீழே உள்ள சிங்களக் கிராமத்து ஆட்களோடு நமக்கிருந்த கொடுக்கல் வாங்கல் அந்த ஆண்டில்தான் மறுபடி தழைத்தது. அவர்களிடம் பலாக்காயும் கித்துல் கருப்பட்டியும் இருந்தன, நம்மிடம் கோவாவும் போஞ்சியும் இருந்தன. சனிக்கிழமை காலையில் ரோட்டோரத்துப் பாலத்தடியில் நின்று மாற்றிக்கொள்வோம். யாரும் தராசு கொண்டு வந்ததில்லை. இப்போது காசு புழங்கத் தொடங்கிய பிறகும், மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு அவர்கள் பலாக்காய் இறக்கி அனுப்புகிறார்கள், வெசாக் தானசாலைக்கு நாம் மரக்கறி அனுப்புகிறோம். உன் காணிக்குப் பக்கத்துக் காணிக்காரர் யாரென்று நீ இன்னும் எனக்குச் சொல்லவில்லை. நாற்று மேடை போடுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், அவர் எந்த மாதத்தில் கத்தரி போடுகிறார், எந்தப் பக்கத்தில் தண்ணீர் தேங்கும், கட்டாக்காலி மாடுகள் எந்த வழியாக வரும் என்று கேட்டுக்கொள். நான் முப்பது ஆண்டு மண்ணில் கை வைத்திருந்தாலும் அந்தக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழக்கத்தால் நீ பிழை விடக்கூடிய இடம் அது. சிறு வயதில் நான் மண்ணைக் கொத்தும்போது பின்னாலேயே நின்று பார்த்தவள் நீ. பாத்தி என்றால் உயர்த்திக் கட்டுவது, சரிவுக்குக் குறுக்கே கானு என்கிற வடிகால் வெட்டுவது, மழை நீரை எவ்வளவு விரைவில் வெளியே அனுப்பலாம் என்று பார்ப்பது என்றுதான் உன் கண் பழகியிருக்கும். இங்கே அது உயிர்க் காரியம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததற்குப் பிறகு, பின்புற மண்மேட்டை வெட்டித் தோட்டத்தை இன்னும் நாலடி பெருக்கலாம் என்று பக்கத்து வீட்டார் கேட்டபோதெல்லாம் நான் மறுத்தே வந்திருக்கிறேன். மேட்டில் புல்லும் மரவேரும் அப்படியே இருக்கின்றன. மழைக் காலத்தில் பீலித் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று காலையில் எழுந்ததும் பார்ப்பதும் என் வழக்கமாகிவிட்டது. உன் காணியில் எல்லாம் இதற்கு நேர்மாறு. அங்கே நீரை வெளியே விடக் கூடாது, பிடித்து வைக்க வேண்டும். மழைக் காலம் முடிந்த பிறகு பாத்தியை நிலமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக வெட்டி, சுற்றி வரம்பு கட்டி, மேலே காய்ந்த இலையைத் தடிப்பாக மூடிவிடு. தென்னங்கன்று வைக்கும் குழியில் உரிமட்டையை நார்ப்பக்கம் மேலாக அடுக்கி வைத்தால் அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வேலிக்குக் கம்பி வாங்கிக் காசைக் கரைக்காதே. போன பங்குனியில் வந்தபோது உங்கள் ஒழுங்கையில் கிளுவையும் பூவரசும் உயிர்வேலிக் கதியாலாக நின்று துளிர்த்திருந்ததைப் பார்த்து நான் அசந்து போனேன். ஆட்டுக்குக் குழையும் ஆயிற்று, நிழலும் ஆயிற்று, வேலியும் ஆயிற்று.

கம்பி என்று எழுதியதும் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விடயம் நினைவுக்கு வருகிறது. இந்த ஆண்டும் பன்றி இறங்கிவிட்டது. ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கிழங்குப் பாத்தி இரண்டு ஏர் பூட்டி உழுததுபோல் கிடந்தது, அம்மா கண் கலங்கி நின்றாள். வேலியோரத்தில் சுருக்குக் கம்பி வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும் என்று அடுத்த லயத்துத் தம்பி ஒருவர் கம்பியையே கையில் கொண்டு வந்து நின்றார். நான் வாங்கவில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டு, காப்பாற்றி எடுத்துச் சென்ற பிறகும் சில நாட்களில் இறந்துபோனது. பன்றிக்கென்று வைக்கும் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. இந்த மலைகளில் நம்மைவிட முந்திய குடி சிறுத்தை. தேயிலைக்காகக் காட்டை வெட்டிய பிறகும் கானுக்குள்ளும் ஓடைக்கரைப் புதருக்குள்ளும் ஒளிந்து எப்படியோ பிழைத்து வருகிறது. என் அம்மா, உன் அப்பாயி, இருட்டில் காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் வழியில் இரண்டு முறை அதைக் கண்டதாகவும், நின்று வழி விட்டதாகவும் சொல்வாள். நாலு மரக்கால் கிழங்குக்காக அதன் கழுத்தை நான் நெரிக்க மாட்டேன். பழைய தகரங்களைக் கயிற்றில் கோத்து வேலி முழுவதும் கட்டியிருக்கிறேன், காற்றடித்தால் இரவெல்லாம் சத்தம் போடுகிறது. பன்றி வரவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. உங்கள் பக்கத்தில் மயிலும் குரங்கும் தொல்லை தரும். யார் எந்தச் சுருக்கை நீட்டினாலும் வாங்காதே.

இனி, அனுப்புவது என்ன என்று எழுதுகிறேன்.

போஞ்சி விதை. இது கடையில் வாங்கியது இல்லை. அப்பாயி வைத்திருந்த கொடிப் போஞ்சியின் வழியில் வந்தது. காய் சற்றுத் தட்டை, நார் கொஞ்சம் உண்டு, ஆனால் கறி வைத்தால் அந்த மணம் வேறு எதிலும் வராது. அப்பாயியின் கையை நீ பார்த்திருக்கிறாய், அவள் தோட்டத்தைப் பார்த்ததில்லை. மாலை நேரத்துக் கொழுந்து நிறுவை முடிந்து மலையிலிருந்து இறங்கி வந்தால், இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் நேரே பின்புறத்துக்குப் போவாள். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரலால் மண்ணில் ஒரு குழி, அதில் இரண்டு விதை, மேலே ஒரு பிடி ஆட்டுப்புழுக்கைத் தூள் என்று வெளிச்சம் மறையும்வரை குனிந்தே இருப்பாள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, அந்தத் துண்டு நிலத்தில் தேயிலை நடப் போவதாகத் தோட்டத்து நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். கோவா தலை கட்டத் தொடங்கியிருந்த நேரம். இரண்டு கிழமை பொறுத்தால் எடுத்துவிடலாம் என்று தாத்தா போய்க் கேட்டுப் பார்த்தார், தவணை கிடைக்கவில்லை. அப்பாயி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலையே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கை முஷ்டியளவே இருந்த கோவாக்களைக் கூடையில் வைத்து, எட்டு வீட்டுக்கும் சமமாகப் பகிர்ந்தாள். போஞ்சியில் முற்றியிருந்த நெற்றுக்களை மட்டும் பறித்து, அடுப்புச் சாம்பலில் புரட்டி, ஒரு பால்மா டின்னில் போட்டுப் பரணில் வைத்தாள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு குறுக்கு ரோட்டுக்கு மேலே கல்லுப் பூமியாக ஒரு துண்டு கிடைத்தபோது அந்த விதையைத்தான் போட்டாள், பாதி முளைத்தது. இன்று நம் வீட்டுப் பின்புறத்தில் கொடி ஏறி நிற்பது அந்தப் பாதியின் வாரிசு.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் வம்சம் தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்து எத்தனை தலைமுறை என்று எனக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும், முதல் தொழிலாளர்கள் 1823 இல் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததாகக் கணக்கிட்டு 2023 இல் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தார்கள் என்பதை நீ அறிவாய். அந்த நினைவு நடைப்பயணம் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடிந்தபோது நானும் கடைசி நாளில் போய்ச் சேர்ந்துகொண்டேன். இத்தனை காலத்தில் நம் வீட்டார் நட்டதெல்லாம் பிறர் மண்ணில் நட்டதே. அப்பாயிக்கு 1948 இன் சட்டத்தால் இல்லாமல் போன குடியுரிமை திரும்பக் கிடைத்தபோது அவளுக்கு மரம் நடும் வயது தாண்டிவிட்டது. நான் வாத்தியாராகி மாதச் சம்பளம் வாங்கிய பிறகும், இந்தப் பின்புறத்துத் துண்டில் ஒரு பலாவோ பேரியோ வைக்கத் துணியவில்லை. எட்டு, பத்து ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை, நாளைக்கே எடுத்துக்கொள்ளக்கூடிய நிலத்தில் எப்படி வைப்பது? மூன்று மாதத்தில் முடியும் மரக்கறியாகவே வைத்து வந்தேன். காணி உறுதியில் உன் பெயரும் மருமகன் பெயரும் சேர்ந்து எழுதியிருப்பதை நீ தொலைபேசியில் படமெடுத்து அனுப்பிய அன்று, அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்; நான் வெளியே போய்ப் பீலியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆகவே, மகளே, போஞ்சியும் பயிற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மழைக்கு மரத்தை வை. மாவும் பலாவும் தென்னையும் முருங்கையும் வை. வீட்டுக்கு மேற்குப் பக்கத்தில் வேம்பு ஒன்றை வை. முருங்கை நம் குளிரில் வராத மரம். அங்கே வந்திருந்த ஐந்து நாளும் நான் முருங்கைக்கீரை கேட்டுச் சாப்பிட்டதை நீ கேலி செய்தாய் அல்லவா, அதில் ஒரு கொப்பை வெட்டி நட்டாலே போதும்.

போஞ்சியைக் கார்த்திகைக் கடைசியில், பெருமழை சற்றுத் தணிந்த பிறகு போடு. கிணற்றடியில் காலை வெயில் மட்டும் படும் இடமாகப் பார்த்து, நாலு விதையை மட்டும் முதலில் போட்டுப் பார். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள். வெப்பத்தில் பூ உதிர்ந்தால் மனம் விடாதே. தப்பி நிற்கும் ஒரு கொடியில் ஒரு நெற்று முற்றினாலும் அதையே விதைக்கு எடு, தின்னாதே. இங்கே நான் விடாமல் போட்டு வருகிறேன், முழுதும் போய்விட்டால் மறுபடி அனுப்புகிறேன்.

மரத்தக்காளிக் கன்று அனுப்பவில்லை. அது குளிர்ந்த மலையில் பிறந்த மரம், உங்கள் வெயிலில் நிற்காது. ஆனால் பழத்தை அனுப்புகிறேன். இதைக் கேட்டது நீ இல்லை, சம்பந்தி அம்மா என்று எனக்குத் தெரியும். 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் பத்து வயதுப் பிள்ளையாக, கட்டிய துணியோடு லொறியில் ஏறி வன்னிக்குப் போனவர் அவர். போன முறை நான் அங்கே வந்தபோது, அவர் பிறந்த தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தக்காளி நின்றதென்றும், அவருடைய அம்மா அதை அடுப்பில் சுட்டுச் சம்பல் அரைப்பாரென்றும், அந்தப் புளிப்பு நாக்கில் இன்னும் இருப்பதாகவும் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழம் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். ஆறு நன்றாகச் சிவந்தவை, உடனே உபயோகிக்க வேண்டும். மற்ற ஆறும் செங்காய், அரிசிக்குள் வைத்தால் ஒரு கிழமையில் பழுக்கும். தணலில் போட்டுத் தோல் வெடித்துக் கறுக்கும்வரை திருப்பித் திருப்பிச் சுடு. ஆறியதும் காம்பைப் பிடித்துத் தோலை இழுத்தால் முழுதாகக் கழன்று வரும், உள்ளே சதை கருஞ்சிவப்பாக இருக்கும். பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் வைத்து அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்கு. மிக்ஸியில் போட்டு அரைத்தால் விதை உடைந்து கசக்கும். தேங்காய் சேர்க்காதே. முதல் கரண்டியை அவருக்கு வை, சூடான ரொட்டியோடு.

லயத்துச் செய்தி கொஞ்சம். கோயில் கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் இருந்த பெரிய வாகையில் குளவி கூடு கட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்து மலையில் ஒரு கிழமையாகக் கொழுந்து எடுக்கவில்லை, போன மாதம் மூன்று பெண்களைக் கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், இப்போது வீடு திரும்பிவிட்டார்கள். காமன் கூத்துக்கு அடுத்த மாசியில் ரதி வேடம் கட்டப் பையன் கிடைக்கவில்லை என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். பையன்கள் எல்லாரும் கொழும்பில். சின்னவனுக்கு இன்னும் பத்து வயது ஆகட்டும் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பொதியைக் கடைசி வீட்டு அண்ணன் கொண்டு வருகிறார். அவர் தங்கை வீட்டுக்குப் பரந்தனுக்குப் போகிறார், வியாழக்கிழமை பின்னேரம் கிளிநொச்சியில் இறங்குவார். மருமகனைப் பஸ் நிலையத்துக்கு அனுப்பு. மேலே இருக்கும் காகிதப் பெட்டியில் பழம், அதன்மேல் எதையும் வைக்க வேண்டாமென்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அடியில் இரண்டு சௌசௌ, அரைக் கிலோ தேயிலைத் தூள், சின்னவனுக்கு அம்மா பின்னிய கம்பளித் தொப்பி. அங்கே அதற்கு வேலையில்லை என்றேன், மார்கழிக்கு ஆகும் என்கிறாள். போஞ்சி விதை, துணியில் சுற்றிய பால்மா டின்னுக்குள் சாம்பலோடு இருக்கிறது. அது அப்பாயியின் டின்தான்; மூடி இறுக்கம், கரண்டிக் காம்பால் நெம்பித் திற. விதையை எடுத்த பிறகு டின்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உன் அடுப்புக்கு மேலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா.